கண்வில்லை உருவாவதைப் பார்க்க எந்த முளையம்: தவளையா, சீப்ரா மீனா, சுண்டெலியா, ஊர்க்கோழியா?

நேரே விசயத்துக்கு வருகிறேன். என் தெரிவு ஊர்க்கோழி முட்டை. அதுவும் சேவலோடு திரியும் கோழி அன்றைக்கு இட்ட முட்டை. ஏன் என்று சொல்வதற்கு முன் இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

திருகோணமலையில் நான் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். இந்த வருடம் எட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு குழுச் செயற்றிட்டம் செய்யப் போகிறார்கள், தலைப்பையும் அவர்களே எடுத்தார்கள்: முள்ளந்தண்டுளிகளின் முளையத்தில் கண்வில்லை எப்படி உண்டாகிறது, எந்தப் பரம்பரையலகுகள் அதை நடத்துகின்றன. இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்காக: நாங்கள் முளையம் என்பது உங்கள் கரு, பரம்பரையலகு என்பது உங்கள் மரபணு, கலம் என்பது செல், இழையம் என்பது திசு, முள்ளந்தண்டுளி என்பது முதுகெலும்புள்ள பிராணி, நுணுக்குக்காட்டி என்பது நுண்ணோக்கி, கிழமை என்பது வாரம். தலைப்பு முடிவான அன்றே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. அண்ணன் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் பிள்ளை சீப்ரா மீன் என்றது. கிண்ணியாவிலிருந்து வருகிற பிள்ளை, மாரி தொடங்கினால் எங்கள் வளவுக்குப் பின்னால் வாற்பேத்தை நிறையத்தான் ரீச்சர், தவளையே செய்வோம் என்றது. இன்னொரு பிள்ளை நிறைய வாசித்துவிட்டு வந்து, பரம்பரையலகு என்று தலைப்பில் போட்டுவிட்டுச் சுண்டெலியை விட்டால் பாதிக் கதை போய்விடும் என்று சொன்னது. மூன்று பேரும் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன், வேறு பள்ளிக்கூடங்களிலும் இதே கேள்வி வரும்.

முதலில் என்ன பார்க்கப் போகிறோம் என்று தெளிவாக இருக்கவேண்டும். மீன்தலைக் கறி சாப்பிடுகிற எல்லாருக்கும் கண்வில்லை தெரியும். மீன் கண்ணுக்குள்ளிருந்து வெள்ளையாக, கல்லுப்போல ஒரு உருண்டை வரும், அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்போம். அதுதான் வில்லை. பச்சை மீனில் அது கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும், வெந்த பிறகு வெள்ளையாகிவிடும், முட்டை வெள்ளைக்கரு வேகும்போது நடப்பதே இங்கும் நடக்கிறது, ஏனென்றால் வில்லையில் தண்ணீரை விட்டால் மிச்சம் பெரும்பாலும் புரதம்தான். கிரிஸ்ரலின் என்று பெயர். கலங்கள் அந்தப் புரதத்தை நெருக்கி நெருக்கி அடைத்துக்கொண்டு, தங்கள் கலக்கருவையும் (நியூக்ளியஸ்), கலத்துக்குள் வேலை செய்யும் மற்றச் சிறு உறுப்புகளான புன்னங்கங்களையும்கூட இழந்துவிட்டுத்தான் ஒளியை விடுகின்றன. இரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை. உதிர்வதும் இல்லை. அதாவது உங்கள் வில்லையின் நடுவில் இப்போது இருக்கிற கலங்கள், நீங்கள் அம்மாவின் வயிற்றில் இருக்கும்போது உண்டானவை. இதைச் சொன்னபோது வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. எனக்கும் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் இருக்கிறது.

அது உண்டாகும் விதம் இன்னும் அழகு. முளையத்தின் மூளை இரண்டு பக்கமும் குமிழ்போலப் பிதுங்கி வந்து தலையின் வெளித்தோலைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் தோல் தடிக்கிறது, அது தட்டு. தட்டு உள்ளே அமிழ்கிறது, அது குழி. குழியின் வாய் மூடித் தோலிலிருந்து கழன்று விடுகிறது, அது பை. கொழுக்கட்டை மாவைப் பெருவிரலால் அமத்திக் குழியாக்கி வாயை ஒட்டுவோமே, கிட்டத்தட்ட அந்த வேலைதான், ஆனால் உள்ளே வைக்கிற பயறும் சர்க்கரையும் வெளியிலிருந்து வருவதில்லை: பையின் பின்சுவர்க் கலங்களே நார்போல நீண்டு வந்து வெற்றிடத்தை நிரப்பிவிடுகின்றன. முன்சுவர் மெல்லிய ஒற்றைப் படையாகவே நின்று, வாழ்நாள் முழுக்கப் புதுக் கலங்களைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இதே நேரத்தில் மூளையிலிருந்து வந்த குமிழ் கிண்ணமாக மடிந்து விழித்திரை ஆகிறது.

தட்டு, குழி, பை. இந்த மூன்றையும் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்க்கவேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு படியிலும் எந்தப் பரம்பரையலகு வேலை செய்கிறது என்று சொன்னால் மண்டையில் நிற்கும். எனக்கு இதுதான் உரைகல். இதை வைத்துத்தான் நாலு பிராணிகளையும் பார்த்தேன்.

தவளை. இந்தத் துறை தொடங்கியதே தவளையில்தான். 1901இல் ஹான்ஸ் ஸ்பீமன் என்ற ஜேர்மன் விஞ்ஞானி ஒரு தவளை முளையத்தில், கண்ணாக வேண்டிய பகுதியைச் சூடான ஊசியால் அழித்தார். அந்தப் பக்கத்தில் வில்லை வரவில்லை. அப்படியென்றால் மூளைக் குமிழ்தான் தோலுக்குச் சேதி சொல்கிறது என்று முடிவெடுத்தார். ஒரு இழையம் பக்கத்து இழையத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணம் அங்கே வேர்விட்டது, அதே பாதையில் போய்த்தான் அவர் 1935இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் கதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அவரே பிறகு இன்னொரு தவளை இனத்தில் அதே பரிசோதனையைச் செய்தபோது, கண்பகுதி இல்லாமலே வில்லை வந்தது. பல பத்தாண்டுகள் இது தீராமல் கிடந்தது. அமெரிக்காவில் ரொபேட் கிரெயிஞ்சரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1980களில் ஆபிரிக்க நகத்தவளையில், எந்தக் கலம் எந்த முளையத்திலிருந்து வந்தது என்று அடையாளமிட்டுப் பார்த்துத்தான் விளங்கப்படுத்தினார்கள்: மூளைக் குமிழ் வந்து தொடுவதற்கு மிக முன்பே, அந்தத் தோல் வில்லையாகும் பக்கம் சாயத் தொடங்கிவிடுகிறது. குமிழ் சொல்வது கடைசிச் சொல், முதல் சொல் அல்ல.

இந்தக் கதையைக் கட்டாயம் படிப்பிக்கவேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் தவளையை நாங்கள் செய்ய முடியுமா? முட்டை கறுப்பு நிறமியும் மஞ்சட்கருவும் நிறைந்தது, உள்ளே நடப்பது வெளியே தெரியாது, வெட்டிச் சாயமூட்டினால்தான் தெரியும். மாரியில் மட்டும்தான் கிடைக்கும், எங்கள் தவணையோ மழைக்குக் காத்திராது. அதைவிடப் பெரிய விசயம், இலங்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட தவளை இனங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. எந்த இனம் என்று பிரித்தறியத் தெரியாமல் குளத்திலிருந்து முட்டைச் சரத்தை அள்ளிக்கொண்டு வருவது சரியில்லை, வனசீவராசிகள் சட்டமும் அதற்கு இடம் கொடாது. கிண்ணியாப் பிள்ளைக்கு இதைச் சொன்னபோது முகம் வாடிவிட்டது. வாற்பேத்தைகளைக் குளத்திலேயே வைத்துப் பார்த்துப் படம் கீறச் சொல்லியிருக்கிறேன், அது தனி வேலையாக நன்றாகவே வரும்.

சுண்டெலியைப் பற்றி நிறையச் சொல்லவேண்டும், ஆனால் அதை வளர்ப்பதைப் பற்றி அல்ல. தாயைக் கொன்றுதான் முளையத்தை எடுக்கவேண்டும், அதைப் பள்ளிக்கூடத்தில் நான் செய்யமாட்டேன், வேறு யாரும் செய்வதையும் விரும்பமாட்டேன். அத்தோடு அந்தத் தெரிவு முடிந்தது. ஆனால் பரம்பரையலகுக் கதையின் பெரும்பகுதி சுண்டெலியிலிருந்து வந்தது என்று அந்தப் பிள்ளை சொன்னது உண்மை. ஆகவே சுண்டெலியை வாசிப்போம், வளர்க்கமாட்டோம்.

வாசிக்கவேண்டியது என்ன? முதலில் பாக்ஸ்-6 என்ற பரம்பரையலகு. சுண்டெலியில் இதன் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால் கண் சிறுத்துவிடும். இரண்டும் பழுதானால் கண்ணே இல்லை, மூக்கும் இல்லை, பிறந்த உடனே இறந்துவிடும். மனிதரில் ஒரு பிரதி பழுதானால் கண்ணின் கதிராளி, அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையம், உருவாகாமல் போகிறது. 1991இல்தான் இந்த இரண்டும் ஒரே பரம்பரையலகின் கோளாறு என்று தெரிந்தது. 1995இல் வால்டர் கேரிங்கின் ஆய்வுகூடத்தில் இதே பரம்பரையலகின் ஈ வடிவத்தைப் பழஈயின் காலிலும் சிறகிலும் வேலை செய்யவைத்தபோது, அங்கெல்லாம் கண் முளைத்தது. பேப்பர்களில் எல்லாம் வந்த செய்தி அது.

எனக்கு அதைவிடப் பிடித்தது, 1994இல் பாக்ஸ்-6 பழுதான எலியில் செய்த கலப்புப் பரிசோதனை. பழுதான முளையத்தின் மூளைக் குமிழை எடுத்து நல்ல தோலோடு சேர்த்து வளர்த்தார்கள், வில்லை வந்தது. நல்ல குமிழைப் பழுதான தோலோடு சேர்த்தார்கள், வரவில்லை. அப்படியென்றால் பாக்ஸ்-6 முக்கியமாகத் தேவைப்படுவது சேதி சொல்கிற குமிழிலா, கேட்கிற தோலிலா? தோலில். ஒரு பரிசோதனையிலிருந்து இவ்வளவு துப்புரவாக ஒரு விடை வருவது குறைவு. பிறகு 2000இல் சுண்டெலியில் தலைத்தோலில் மட்டும் பாக்ஸ்-6ஐ நீக்கிப் பார்த்தார்கள், வில்லை சுத்தமாக இல்லை, விழித்திரை மட்டும் உண்டானது, அதுவும் ஒன்றுக்குப் பதில் பலவாக. வில்லை இல்லாவிட்டால் விழித்திரைக்கும் ஒழுங்கு கெடுகிறது என்பதை அது காட்டுகிறது. பேச்சு ஒருபக்கமாகப் போவதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூளைக் குமிழிலிருந்து வரும் பிஎம்பி-4 என்ற சைகைப் புரதம் இல்லாவிட்டால் வில்லை தொடங்குவதே இல்லை, வெளியிலிருந்து அந்தப் புரதத்தைக் கொடுத்தால் தொடங்குகிறது. ஃபொக்ஸ்-ஈ3 என்ற பரம்பரையலகு பழுதானால் பை தோலிலிருந்து கழலாமல், கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான விழிவெண்படலத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். புரொக்ஸ்-1 என்ற பரம்பரையலகு இல்லையென்றால் பின்சுவர்க் கலங்கள் நாராக நீளாது, பை வெறும் பையாகவே இருந்துவிடும். பார்த்தீர்களா, தட்டு, குழி, பை, நார் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு காவலாளி நிற்கிறது.

இனிச் சீப்ரா மீன். இதை நான் எளிதில் தள்ளவில்லை. உண்மையில் ஒரு கிழமை இதன் பக்கம்தான் இருந்தேன். 28.5 பாகை செல்சியஸ் இதற்குப் பொருத்தமான வெப்பம், உலகத்தின் குளிர்நாட்டு ஆய்வுகூடங்கள் எல்லாம் சூடாக்கி வைத்து வளர்க்கின்றன, திருகோணமலையில் தண்ணீர் சும்மா வைத்தாலே அந்த அளவுக்குக் கிட்டத்தான் நிற்கும். மின்சாரம் போனாலும் முளையம் சாகாது. 2022இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டுப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விசயம் இல்லை. ஒரு பெண்மீன் காலை வெளிச்சம் பட்டதும் நூற்றுக்கணக்கில் முட்டை இடும், தொட்டியின் அடியில் மாபிள் குண்டுகளைப் போட்டுவிட்டால் தாய்மீன் தின்ன முடியாமல் முட்டை இடுக்கில் விழுந்து தப்பிவிடும். முட்டை கண்ணாடி. முளையமும் கண்ணாடி. ஒரு நாளில் இதயம் துடிக்கிறது, கண் தெரிகிறது, கண்ணுக்குள் வில்லை உருண்டையாகத் தெரிகிறது. வெட்டவேண்டாம், சாயம் வேண்டாம், கொல்லவும் வேண்டாம். இந்த நாலில் வேறு எந்தப் பிராணியும் இதைத் தராது.

அப்படியானால் ஏன் வேண்டாம் என்கிறேன்? இரண்டு காரணம், இரண்டும் கனமானவை.

முதலாவது, சீப்ரா மீனில் நாங்கள் தேடுகிற குழி இல்லை. மனிதரிலும் கோழியிலும் சுண்டெலியிலும் தட்டு உள்ளே மடிந்து வெற்றிடமுள்ள பையாகிறது. சீப்ரா மீனில் தடித்த தோல் அப்படி மடிவதில்லை, கலங்கள் திரளாகத் தோலிலிருந்து பிரிந்து திண்ம உருண்டையாக உள்ளே இறங்குகின்றன. முடிவு ஒன்றுதான், வழி வேறு. நிபுணருக்கு அந்த வேறுபாடே சுவாரசியம், ஆனால் முதன்முதலாகப் பார்க்கிற பிள்ளை பாடநூலில் ஒன்றை வாசித்துவிட்டு நுணுக்குக்காட்டியில் வேறொன்றைப் பார்த்தால் பாடநூலையும் நம்பாது, கண்ணையும் நம்பாது.

இரண்டாவது, பரம்பரையலகு. சீப்ரா மீன்தான் பரம்பரையலகு வேலைக்கு உகந்தது என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மையும்தான், ஆனால் யாருக்கு? ஒற்றைக் கல முட்டைக்குள் நுண்ணூசியால் திரவம் செலுத்தும் கருவி இருக்கிறவர்களுக்கு. எங்களிடம் அது இல்லை. அதோடு இன்றைய பெரும்பாலான மீன்களின் மூதாதையரில் மரபுத்தொகுதி (பரம்பரையலகுகளின் முழுத் தொகுப்பு) முழுவதும் ஒருமுறை இரட்டிப்பானதால், சீப்ரா மீனில் பாக்ஸ்-6 ஒன்றல்ல, பாக்ஸ்-6ஏ, பாக்ஸ்-6பி என்று இரண்டு. ஒன்று பழுதானால் மற்றது பாதி வேலையைத் தாங்கிக்கொள்கிறது. சுண்டெலியில் கண்ணே இல்லாமல் போகிற இடத்தில், மீனில் 6பி மட்டும் பழுதானால் சின்ன வில்லையோடு கண் இருக்கும். பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் பிறகு சொல்லலாம், தொடக்கத்தில் சொன்னால் குழம்பும்.

ஆனால் ஒன்று. உங்கள் பள்ளிக்கூடத்தில் மீன்தொட்டியும் நல்ல நுணுக்குக்காட்டியும் இருந்து, கேள்வி வில்லை எப்படித் தொடங்குகிறது என்பதாக இல்லாமல், உயிரோடு இருக்கும் கண் நாளுக்கு நாள் எப்படி வளர்கிறது என்பதாக இருந்தால், யோசிக்காமல் மீனை எடுங்கள். அந்தப் பரம்பரையலகுகள் முளையத்தில் எங்கே எப்போது வேலை செய்கின்றன என்ற படங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இப்போது கோழி. கோழி முளையத்தின் வளர்ச்சியை 1951இல் ஹாம்பேகரும் ஹமில்ரனும் 46 நிலைகளாகப் பிரித்து வைத்தார்கள். உலகத்தில் எங்கே முட்டை உடைத்தாலும் அந்த அட்டவணையோடு ஒப்பிடலாம். 38 பாகையில் அடை வைத்தால், 33 மணித்தியாலமளவில் மூளையின் இரு பக்கமும் குமிழ் பிதுங்கி நிற்கும். 48 தொடக்கம் 52இல் தட்டு. அதன்பின் குழி. 60ஐத் தாண்டினால் வாய் மூடிக்கொண்டு பை. 72இல் பின்சுவர் நீளத் தொடங்கியிருக்கும். நாலாம் நாள் கண் கறுத்து, நடுவில் வில்லை வட்டமாகத் தெரியும். முளையம் தலையைத் திருப்பி இடப்பக்கம் மஞ்சட்கருவில் படுத்துக்கொள்வதால் மேலே தெரிவது எப்போதும் வலக்கண்தான். எல்லாப் பிள்ளைகளின் படமும் ஒரே பக்கமாக வரும், ஒப்பிடச் சுகம்.

தட்டு, குழி, பை மூன்றும் இங்கே இருக்கின்றன, மனிதரில் நடக்கிற அதே வழி. அதனாலேயே கோழி முந்துகிறது. ஆனால் பரம்பரையலகுக் கதையிலும் கோழி பின்னுக்கு இல்லை, இதைத்தான் அந்த வாசிக்கிற பிள்ளையிடம் நீண்ட நேரம் பேசினேன்.

1963இல் கூலம்பர் தம்பதியர் ஐந்து நாள் கோழி முளையத்தில் வில்லையை எடுத்து, முன்பின்னாகத் திருப்பி வைத்துவிட்டார்கள். முன்னால் இருந்த மெல்லிய படை இப்போது விழித்திரையைப் பார்க்கிறது. என்ன நடந்தது? அந்தக் கலங்கள் நாராக நீளத் தொடங்கின. அப்படியானால் நார் ஆவதற்கான சேதி விழித்திரைப் பக்கத்திலிருந்து வருகிறது. அது என்ன சேதி என்பதற்கு விடை சிட்னியிலிருந்து வந்தது: 1989இல் மக்கவோயும் சேம்பலினும் எலியின் வில்லைக் கலங்களுக்கு எஃப்ஜிஎஃப் என்ற புரதத்தை வெவ்வேறு செறிவில் கொடுத்தார்கள். குறைவாகக் கொடுத்தால் கலம் பெருகுகிறது, நடுத்தரமாகக் கொடுத்தால் நகர்கிறது, கூடக் கொடுத்தால் நாராகிறது. ஒரே புரதம், அளவு மாறினால் கட்டளை மாறுகிறது. பின்பக்கம் விழித்திரையை அடுத்து அதன் அளவு கூட, முன்பக்கம் குறைவு. கோழியில் எழுந்த கேள்விக்கு எலியில் விடை.

இன்னொன்று, இதை நான் முதலில் வாசித்தபோது எழும்பி நடந்தேன். 2006இல் வெளிவந்த கோழி ஆய்வு ஒன்று. மூக்காகவும் காதாகவும் வேண்டிய தோல்பகுதிகளைத் தனியே எடுத்து, எந்தச் சேதியும் கொடுக்காமல் வளர்த்தால், அவை எல்லாம் வில்லையாக முயல்கின்றன. அதாவது வில்லைதான் அந்தத் தோலின் ஆரம்ப எண்ணம், மற்றவை பிறகு மனம் மாறியவை. மூக்காக வேண்டிய தோலுக்கு எஃப்ஜிஎஃப் போய் மாற்றுகிறது, கண்ணைச் சுற்றியுள்ள தோலை மூளை, முண்ணாணின் விளிம்பிலிருந்து புறப்பட்டு அலையும் நரம்பு முகட்டுக் கலங்கள் போய் அடக்குகின்றன. ஸ்பீமன் யார் வில்லையாகச் சொல்கிறார் என்று கேட்டார், நூறு வருடம் கழித்து, யார் வேண்டாம் என்று சொல்கிறார் என்றும் கேட்கவேண்டியிருந்தது. அவருடைய இரண்டாம் தவளையை இந்தக் கண்ணோடு பார்த்தால் அது முரணாகவே தெரியவில்லை.

மூன்றாவது, கோழி வில்லையின் பிரதான புரதமான டெல்ரா கிரிஸ்ரலின். அது புதிதாக உண்டாக்கப்பட்ட ஒன்றல்ல. ஈரலில் யூரியா உண்டாகும் பாதையில் வேலை செய்யும் ஆர்ஜினினோசக்சினேற் லயேஸ் என்ற நொதியத்தின் இனம்தான் அது. வாத்தின் வில்லையில் லக்ரேற் டீஹைட்ரஜனேஸ் நொதியமே கிரிஸ்ரலினாக இருக்கிறது. வீட்டில் இருந்த பாத்திரத்தையே எடுத்து வேறு வேலைக்கு வைத்ததுபோல. இந்த டெல்ரா கிரிஸ்ரலினின் பரம்பரையலகைத் திறக்க, பாக்ஸ்-6இன் புரதமும் சொக்ஸ்-2 என்ற இன்னொரு பரம்பரையலகின் புரதமும் டிஎன்ஏயின் ஒரே சிறு துண்டில் பக்கம் பக்கமாக அமரவேண்டும் என்று ஜப்பானில் கொண்டோவின் குழு கோழியை வைத்தே காட்டியது. ஒன்று மட்டும் போதாது. பாக்ஸ்-6 கண்ணின் வேறு பகுதிகளிலும் இருக்கிறது, சொக்ஸ்-2 மூளை முழுக்க இருக்கிறது. மூளைக் குமிழ் தொட்ட பிறகு தோலில் சொக்ஸ்-2 கூடுகிறது, இரண்டும் அந்த இடத்தில் சந்திக்கின்றன, வில்லை தொடங்குகிறது. தொடுகை ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் காணவில்லை.

இனி நடைமுறை. கடை முட்டை சரிவராது. பண்ணைக் கூட்டுக் கோழி சேவல் இல்லாமல் இடுகிற முட்டையில் முளையமே இல்லை. போன முறை அவசரத்துக்குக் கடையில் வாங்கிப் பன்னிரண்டு முட்டையும் வெறும் முட்டையாகப் போனது, பிள்ளைகளின் மூன்று நாள் வீண், பிழை என்னுடையது. இந்த முறை தம்பலகாமத்தில் சேவலோடு கோழி வளர்க்கிற வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

முட்டையை அன்றைக்கே எடுக்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. முட்டை வெளியே வரும்போதே முளையத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வயது. குளிரில் வைத்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆனால் கச்சான் என்கிற சூடான மேல்காற்று அடிக்கிற நாளில் எங்கள் குசினிக்குள்ளேயே முப்பது பாகையைத் தாண்டும், அந்தச் சூட்டில் முளையம் நிற்காது, மெல்ல மெல்ல ஒழுங்கில்லாமல் வளரத் தொடங்கிவிடும். பிறகு 48 மணித்தியாலம் என்று நீங்கள் எழுதுவது 48 ஆக இருக்காது. வெளிநாட்டுக் கைநூல்களில் முட்டையை ஒரு கிழமை வைத்திருக்கலாம் என்று இருக்கும், அது குளிர் அறைக்கு எழுதியது.

மின்வெட்டு வந்தால்? அடைப்பொறிக்குள் சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்து ஓரிரு மணித்தியாலம் சமாளிக்கலாம். நீண்டால் அடைக்கோழிதான். 2022இல் அம்மா அப்படித்தான் எங்கள் முட்டைகளைக் காப்பாற்றித் தந்தா, பென்சிலால் புள்ளி போட்ட ஆறு முட்டையை வீட்டுக் கோழிக்கு அடியில் வைத்து. கோழி இரை தின்ன எழும்பிப் போவதால் நேரக் கணக்குக் கொஞ்சம் பிசகும், ஆனால் ஆறிலும் முளையம் இருந்தது.

உயிரைப் பற்றியும் பேசவேண்டும், பிள்ளைகள் கேட்கிறார்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிற ஒரு பிள்ளை இந்தக் குழுவில் இருக்கிறது, அது கேட்ட கேள்வி நியாயமானது. பிரித்தானியச் சட்டம் பறவை முளையத்தை அடைகாப்பின் கடைசி மூன்றிலொரு பகுதியிலிருந்துதான் பாதுகாக்கப்பட்ட விலங்காக எடுக்கிறது, கோழிக்கு அது 14ஆம் நாள். நாங்கள் நாலாம் நாளைத் தாண்டமாட்டோம். அதற்காக அது ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை, இதயம் துடிக்கிறது, அதைப் பிள்ளைகள் பார்க்கத்தான் போகிறார்கள். தேவைக்கு மேல் ஒரு முட்டையும் வைப்பதில்லை. பார்க்க விரும்பாத பிள்ளைக்கு நுணுக்குக்காட்டியில் வைக்க ஆயத்தமாகக் கிடைக்கிற கண்ணாடி வழுக்கிகள் இருக்கின்றன, 33, 48, 72 மணித்தியாலக் கோழி முளையங்கள் சாயமூட்டியே வரும். பரீட்சைக்கு மட்டும் என்றால் எல்லாருக்கும் அதுவே போதும்.

ஆனால் எனக்குப் பரீட்சைக்கு மட்டும் இல்லை. என் அக்காவின் மகள் ஒரு கண்ணில் புரையோடு பிறந்தாள். இரண்டு மாதம் ஆகுமுன் சத்திரசிகிச்சை செய்து, நல்ல கண்ணை மணிக்கணக்காக மூடி வைத்து மற்றக் கண்ணைப் பழக்கி, இன்றைக்கு அவள் வாசிக்கிறாள். அக்கா மட்டும் நெடுங்காலம் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தா. கிரகணத்தன்று வெளியே வந்தேனோ, எதையாவது பிழையாகச் சாப்பிட்டேனோ என்று. மனித முளையத்தில் வில்லை தொடங்குவது நாலாம் கிழமை, ஏழாம் கிழமையளவில் பை நிரம்பிவிடுகிறது. அந்த நேரம் பல தாய்மாருக்குத் தாங்கள் பிள்ளைத்தாய்ச்சி என்பதே தெரியாது. தாய்க்கு வருகிற தொற்று ஒன்று புரைக்குக் காரணமாகலாம் என்பது உண்மைதான், ருபெல்லா (ஜேர்மன் அம்மை) அப்படிச் செய்வதை 1941இல் சிட்னியில் நோர்மன் கிரெக் என்ற கண் வைத்தியர் கண்டுபிடித்தார், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. பரம்பரையலகு பழுதாகலாம், மேலே சொன்ன ஃபொக்ஸ்-ஈ3, பாக்ஸ்-6 மாதிரி. பல பிள்ளைகளில் காரணம் அகப்படுவதே இல்லை. கிரகணம் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. இதை நான் வாயால் பலமுறை சொல்லியும் அக்கா நம்பவில்லை. ஒருநாள் 60 மணித்தியால முளையத்தைக் காட்டினேன். கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்னதிலேயே எல்லாம் நடந்து முடிஞ்சிடுதா என்று கேட்டா. அதற்குப் பிறகு கிரகணப் பேச்சு வரவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். பார்க்கும் நேரம் திங்கள் காலை 10 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 96 மணித்தியால முட்டை வியாழன் காலை 10க்கு உள்ளே போகவேண்டும், 72 வெள்ளி காலை 10க்கு, 60 வெள்ளி இரவு 10க்கு, 48 சனி காலை 10க்கு. ஒவ்வொன்றிலும் மூன்று, மொத்தம் பன்னிரண்டு முட்டை. ஓட்டில் பென்சிலால் நேரத்தை எழுதிப் படுக்கையாக வையுங்கள், அடைப்பொறிக்குள் ஒரு தட்டில் தண்ணீரும் இருக்கட்டும். திறக்கும்போது கூர்முனைப் பக்கத்தில் சின்னத் துளையிட்டு ஊசிக்குழலால் இரண்டு மூன்று மில்லிலீற்றர் வெள்ளைக்கருவை எடுத்தால் முளையம் ஓட்டைவிட்டுக் கீழே இறங்கிவிடும், பிறகு மேல்பக்கத்தில் ஒட்டுநாடா ஒட்டி, சின்னக் கத்தரியால் ஜன்னல் வெட்டலாம். நடுவில் ஓட்டையிட்ட வடிதாள் வளையம் ஒன்றை முளையத்தைச் சுற்றி வைத்து, வெளிப்புறமாக வெட்டி, இளஞ்சூடான 0.9% உப்புக் கரைசலுக்குள் தூக்கிப் போடுங்கள். குறைந்த பெருப்பத்தில் முதலில் இதயத்தைத் தேடுங்கள், அது துடிப்பதால் உடனே அகப்படும். அங்கிருந்து தலைப்பக்கம் போனால் கண்.

48ஐக் கடைசியாகத் திறவுங்கள். 96இல் கண் கறுப்பாகத் தெளிவாகத் தெரியும், அதிலிருந்து பின்னோக்கி 72, 60 என்று வந்தால்தான் 48இல் எங்கே பார்க்கவேண்டும் என்று பிள்ளைக்குப் பிடிபடும். தட்டு அங்கே வெறும் தடித்த தோலாகத்தான் இருக்கும், பழகாத கண்ணுக்குத் தவறிவிடும்.